அளவு பிடிபடாத மருந்து

சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலை அடிவாரத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளியைப் பயிராகவே வைக்கிறார்கள். விரியாத மொட்டாகப் பறித்து, மூட்டை கட்டி, சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். அரளி, வெள்ளை அரளி, செவ்வரளி என்று அங்கே நிறம் பிரித்துத் தனித்தனி விலை. நாமக்கல் போகும் நாற்கரச் சாலையின் நடுத்திட்டிலும் அதே செடிதான் பூத்து நிற்கிறது. வெயில் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு வாய் வைக்காது. இந்தச் சமவெளிக்கு இவ்வளவு பொருந்திப்போன செடி வேறொன்றைச் சொல்வது கடினம். கண்ணெதிரே தினமும் நிற்பதாலோ என்னவோ, சித்த மருத்துவம் பார்க்கிற என்னைப் போன்றவர்களிடம் ஒரு கேள்வி ஓயாமல் வருகிறது. அரளி வேர் மருந்து என்கிறார்களே, உள்ளுக்குச் சாப்பிடலாமா? கூடாது என்பதே என் பதில். நஞ்சு என்ற பயத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. நஞ்சை மருந்தாக்குவது சித்த மருத்துவத்துக்குப் புதிதில்லை. எட்டியையும் சேராங்கொட்டையையும் பாடாணங்களையும் பழக்கி வைத்திருக்கிற மரபு இது. அரளியின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதன் அளவு நம் கைக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாதவரை இதை வெளி மருந்தோடு நிறுத்த வேண்டும், வெளி மருந்தாகவும் மருத்துவர் கைவழியே போக வேண்டும் என்பது என் தீர்மானம். அதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்தச் செடியைப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும், ஏனென்றால் ஊரில் அரளி என்ற பேரில் மூன்று செடிகள் நடமாடுகின்றன. பூ மார்க்கெட்டுக்குப் போகும் அரளியின் இலை நீண்டு தடித்திருக்கும். ஒரு கணுவுக்கு மூன்று இலை சுற்றி நிற்கும், இலையின் நடுநரம்பு வெளுப்பாகத் தூக்கித் தெரியும். மஞ்சள் அரளி வேறு செடி. இலை இன்னும் ஒடுங்கி, கிளையில் மாறி மாறி ஏறும். கிள்ளினால் பால் வடியும். பூ மணி வடிவில் தொங்கும், பச்சைக் காய் முற்றியதும் கறுத்து, உள்ளே முக்கோணமாக ஒரு கெட்டிக் கொட்டை இருக்கும். இது அமெரிக்க வெப்பமண்டலப் பக்கத்திலிருந்து வந்தது. மூன்றாவது, கோயில்களில் மரமாக நிற்கும் ஈழத்தலரி. முதலிரண்டும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை, மூன்றாவதின் இயல்பு வேறு. ஒரு செடிக்குச் சொன்ன பக்குவத்தை இன்னொன்றுக்குச் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் குழப்பம் ஒன்றே உள் மருந்துக்கு எதிராகப் போதுமான காரணம் என்பேன். ஆனால் செடியைச் சரியாக அடையாளம் கண்டவருக்கும் என் பதில் மாறாது.

அரளியிலும் மஞ்சள் அரளியிலும் உள்ள நஞ்சுகள் ஒரே குடும்பம். அரளியில் ஒலியாண்டிரின் முதன்மையானது. மஞ்சள் அரளியில் தெவிட்டின், பெருவோசைடு, நெரிஃபோலின் என்று பல. இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற ஒரு பம்பு ஓயாமல் வேலை செய்கிறது. இந்த நஞ்சுகள் அதைப் போய் அடைக்கின்றன. செல்லுக்குள் சோடியம் தேங்கும், அதன் விளைவாகக் கால்சியம் ஏறும். கால்சியம் கொஞ்சம் ஏறினால் தசை பலமாகச் சுருங்கும். தளர்ந்த இதயத்துக்கு அது உதவி. அதுவே கூடிப்போனால் துடிப்பு குறையும், தப்பும், மேலறையிலிருந்து கீழறைக்குப் போகிற மின்தூண்டல் வழியிலேயே நின்றுவிடும். ரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்துகொண்டே போகும். மருந்து செய்யும் வேலையும் நஞ்சு செய்யும் வேலையும் ஒரே பம்பின் மேல் நடக்கின்றன, வித்தியாசம் எத்தனை பம்பு அடைபட்டது என்பதில் மட்டுமே. பேதி மருந்து கூடினால் பேதி கூடும், நோயாளி உணர்ந்து நிறுத்திக்கொள்ள அவகாசம் உண்டு. அரளி அந்த அவகாசத்தைத் தருவதில்லை. வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல் என்று சாதாரண அஜீரணம் மாதிரி தொடங்கி, நாடியில் கை வைத்தால் நிதானம் தவறிய மந்தமான துடிப்பாக வெளிப்படும்போது நஞ்சு ஏற்கெனவே இதயத்தைப் பிடித்திருக்கும்.

இங்கே எழும் முதல் எதிர்வாதம் வலுவானது. இதே வகை நஞ்சைத்தானே ஆங்கில மருத்துவம் டிஜாக்சின் மாத்திரையாகக் கொடுக்கிறது, அவர்கள் கொடுத்தால் மருந்து, நாம் கொடுத்தால் நஞ்சா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆகவே அந்த மாத்திரையின் கதையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், நீர்க்கோவைக்கு ஒரு கிராமத்து மூதாட்டி கொடுத்துவந்த பல மூலிகைக் கூட்டு மருந்தைக் கவனித்தார். அந்தக் கூட்டில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் செடி ஒன்றுதான் என்று கண்டுகொண்டார். அதன் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். வேரின் வீரியத்தை நம்ப முடியாது என்று வேரை விட்டார். இலையின் வீரியமும் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்று கண்டார். ஆகவே செடி பூக்கும் பருவத்து இலையை மட்டும் எடுத்து, காயவைத்துப் பொடித்து, நிறுத்துக் கொடுத்தார். பலித்ததையும் பலிக்காததையும் சேர்த்துப் பத்தாண்டுக் குறிப்புகளை 1785-ல் புத்தகமாக்கினார். அதற்குப் பிறகும் இலைக்கு இலை வீரியம் மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு சரக்கையும் தவளை, பூனை, புறா மேல் சோதித்து அலகு கட்டினார்கள். 1930-ல் சிட்னி ஸ்மித் இன்னொரு வகை டிஜிட்டாலிஸிலிருந்து டிஜாக்சினைத் தனியே பிரித்தெடுத்த பிறகுதான் ஒரு மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எடையாகச் சொல்ல முடிந்தது. அப்படியும் இன்றுவரை பயம் போகவில்லை. தளர்ந்த இதயத்துக்கு ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் போதும். 2 நானோகிராமைத் தாண்டினால் நஞ்சின் குணம் காட்டத் தொடங்கிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் முதியவருக்கும் அளவைக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆக, டிஜாக்சின் என்பது ஒரு செடியை ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் அளந்து பெற்ற மருந்து. அரளிக்கு அந்த அளத்தல் நடக்கவில்லை. மாத்திரை பாதுகாப்பானது என்பதற்காக வேரும் பாதுகாப்பானது என்று வாதிட முடியாது.

நம் நாட்டிலேயே அந்த முயற்சி நடந்தது என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. மஞ்சள் அரளியிலிருந்து பெருவோசைடைப் பிரித்தெடுத்து, புதுதில்லியில் இதயம் தளர்ந்த நோயாளிகளுக்கு ஊசிவழியே கொடுத்துப் பார்த்த ஆய்வு 1970-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. மருந்து வேலை செய்தது. ஆனால் அந்த ஆய்வில் நோயாளிக்குப் போனது கொட்டையும் இல்லை, கஷாயமும் இல்லை. எடை தெரிந்த, தூய்மையாக்கிய ஒரே ஒரு பொருள். அதற்கும் டிஜாக்சினின் இடத்தைப் பிடிக்க முடியவில்லை. அரளிக் குடும்பத்தில் இதய மருந்து ஒளிந்திருக்கிறது என்பதற்கு இது சான்று. வேலியில் நிற்கும் செடியைப் பறித்து வந்து இதய மருந்து செய்யலாம் என்பதற்கு இது சான்றாகாது.

இரண்டாவது எதிர்வாதம் என் சொந்த வீட்டிலிருந்து வருவது, ஆகவே இதற்குக் கூடுதல் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். நூல்களில் அரளியைச் சுத்தி செய்து உள்ளுக்கும் சொல்லியிருக்கிறதே, முன்னோர் அறியாமலா சொன்னார்கள் என்பது. ஆயுர்வேதம் அரளியை உபவிடங்களில் (துணை நஞ்சுகளில்) ஒன்றாக வைத்து, துணியில் முடிந்து பசும்பாலில் தொங்கவிட்டு வேகவைக்கும் சுத்தியைச் சொல்கிறது. இந்த முறையை நான் மதிக்கிறேன். நஞ்சின் ஒரு பகுதி பாலோடு போகக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு போயிற்று, எவ்வளவு நின்றது என்று சொல்லும் வழி அந்தப் பாத்திரத்தில் இல்லை. வேகவைப்பதாலும் காயவைப்பதாலும் இந்த நஞ்சு அழிவதில்லை. காய்ந்த அரளி இலை தீவனத்தில் கலந்தால் மாடு சாகிறது என்பது கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். பச்சையாக நிற்கும்போது வாய் வைக்காத மாடு, சருகாகித் தட்டோடு கலந்துவிட்டால் பிரித்தறியாமல் தின்றுவிடும். குன்றிமணி எடை, வராகன் எடை என்று நூல் சொல்லும் அளவு வேரின் எடையை அளக்கிறது. அந்த வேருக்குள் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்பது செடியின் வயது, பருவம், பூவின் நிறம், எடுத்த பாகம் எல்லாவற்றையும் பொறுத்து மாறுகிறது. செவ்வரளியில் வெள்ளையைவிட நஞ்சு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்னோர் தம் கையால் பறித்து, தம் கையால் முடித்து, அடுத்த நாளும் நாடி பார்க்கும் தூரத்தில் இருக்கிற நோயாளிக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கு வேர் நாட்டு மருந்துக் கடையிலிருந்து வருகிறது, எந்த ஊர்ச் செடி, எந்த மாதம் தோண்டியது என்று கடைக்காரருக்கே தெரியாது. சாப்பிடுகிறவர் ஏற்கெனவே பிரஷர் மாத்திரையோ டிஜாக்சினோ எடுத்துக்கொண்டிருப்பார், அதை நம்மிடம் சொல்ல மாட்டார். டிஜாக்சினோடு அரளி சேர்ந்தால் ஒரே பம்பின் மேல் இரண்டு அடைப்பு. நூல் எழுதப்பட்ட சூழல் போய்விட்ட பிறகு நூலின் வரியை மட்டும் பிடித்துக்கொள்வது குருவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ரத்தப் பரிசோதனை செய்து அளவைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்கலாமே என்று இளைய மருத்துவர்கள் சிலர் கேட்கிறார்கள். அதற்கும் வழியில்லை. ஆய்வுக்கூடங்களில் இருப்பது டிஜாக்சினைப் பார்க்கும் பரிசோதனை. அரளி நஞ்சு உடலில் இருந்தால் அதுவும் டிஜாக்சினைப் போலக் கொஞ்சம் தெரியும். அரளி உள்ளே போயிருக்கிறது என்று சந்தேகத்தை உறுதிப்படுத்த அது உதவும். ஆனால் அதில் வரும் எண்ணை வைத்து நஞ்சு எவ்வளவு என்று சொல்ல முடியாது. எண் குறைவாக இருந்தும் இதயம் மோசமாகப் பாதிக்கப்பட்டிருக்கலாம். கொடுக்கும் முன்னும் அளவு தெரியாது, கொடுத்த பின்னும் அளவு தெரியாது என்றால் அதை மருந்து என்று எந்த அர்த்தத்தில் சொல்வது?

புற்றுநோய்ப் பேச்சையும் தொட்டாக வேண்டும், ஏனென்றால் கையறு நிலையில் இருக்கும் குடும்பங்களை அதுதான் அதிகம் இழுக்கிறது. துருக்கியில் ஒரு மருத்துவர் அரளி இலையை வெந்நீரில் இறக்கிய சாற்றைப் புற்றுநோய்க்குக் கொடுத்து, அது ஆன்விர்செல் என்ற பேரில் அமெரிக்காவரை போனது. அங்கே 18 நோயாளிகளிடம் நடந்த முதல்கட்டச் சோதனை 2006-ல் வெளிவந்தது. ஒருவருக்கும் கட்டி சுருங்கியதாகத் தெரியவில்லை. சோதனைக்குழாயில் புற்றுச் செல்லை ஒலியாண்டிரின் கொல்கிறது என்பது உண்மைதான். அதே அளவு இதயத்தின் செல்லையும் விட்டுவைக்காது என்பதும் உண்மை. 2020-ல் கொரோனாவுக்கும் ஒலியாண்டிரின் மருந்து என்ற பேச்சு கிளம்பியது. அந்த ஆகஸ்டிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை உணவுத் துணைப்பொருளாக விற்க அனுமதிக்க மறுத்தது. இந்தச் செய்திகளில் முதல் பாதி மட்டுமே நம் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

அப்படியானால் அரளிக்கு மருந்தில் இடமே இல்லையா? இருக்கிறது, தோலின் மேல். வேர்ப்பட்டையையும் இலையையும் எண்ணெயில் காய்ச்சிப் படை, சிரங்கு, நாள்பட்ட தோல் தடிப்புக்குப் பூசுவது மிகப் பழைய பக்குவம். ஆயுர்வேதத்தில் அரளியின் வடமொழிப் பேரால் கரவீராத்ய தைலம் என்றே ஒன்று உண்டு. சித்த மருத்துவம் அக மருந்து முப்பத்திரண்டு, புற மருந்து முப்பத்திரண்டு என்று சரிசமமாக வகுத்திருக்கிறது. புற மருந்து என்றால் குறைந்த மருந்து என்ற எண்ணம் நம் மரபில் கிடையாது. ஆனால் தோலும் முழுக் கதவடைப்பு செய்வதில்லை. சொரியாசிஸுக்கு அரளியைப் பூசிய ஒருவருக்கு இதயத்தின் மின்தூண்டல் முழுவதுமாக அடைபட்டுப்போனது 2004-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சொரியாசிஸ் தோல் வெடித்த தோல், மருந்தை உறிஞ்சும். ஆகவே எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சில எல்லைகளை விடாமல் பிடிக்க வேண்டும். வெடிப்பு, புண், ரணம் இருக்கும் இடத்தில் அரளித் தைலம் கூடாது. உடம்பில் பரவலாகப் பூசக்கூடாது, உள்ளங்கை அகலத்துக்குள் நிற்க வேண்டும். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இதய நோயாளிக்கும் வேண்டவே வேண்டாம். புங்கன் தைலத்திலேயே ஆறுகிற சிரங்குக்கு அரளியைத் தேடிப் போவதும் அவசியமற்றது. தைலம் காய்ச்சும் சட்டியும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக்கூடாது. விறகுக்கு அரளிக் கட்டை வைக்கக்கூடாது, அதன் புகையும் ஆகாது.

நஞ்சு உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்பதில் நமக்குப் பக்கத்திலேயே கசப்பான அனுபவம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1980-களில் தொடங்கி இலங்கையின் வடக்கெங்கும் மஞ்சள் அரளி நஞ்சு பெருந்துயராகப் பரவியது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்தத் துயரத்திலிருந்துதான் உலகம் இதற்கான சிகிச்சையைக் கற்றது. டிஜாக்சின் முறிவாகச் செய்யப்பட்ட எதிர்ப்புரத ஊசி இதற்கும் கேட்கிறது என்பதை 66 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2000-ல் நிறுவியது. ஊசி விலை அதிகம், நம் பக்கத்து மருத்துவமனைகளில் கிடைப்பது அரிது. மருத்துவக் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைந்ததாக 2003-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2008-ல் மஞ்சள் அரளி உட்படப் பல நஞ்சுகளை உட்கொண்ட நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. இந்த எண்களில் கவனிக்க வேண்டியது, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பிழைத்தார்கள் என்பதுதான். இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிப்பதும், அட்ரோபின் ஊசியும், தேவைப்பட்டால் தற்காலிக பேஸ்மேக்கரும் உயிரைக் காக்கின்றன. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை மாதிரியான இடத்துக்கு 108-ல் ஏற்றி அனுப்ப வேண்டிய நேரத்தை மோர், உப்புத் தண்ணீர், முறிவு மூலிகை என்று வீட்டில் கழிக்கக் கூடாது. இதை ஒரு சித்த மருத்துவன் சொல்லும்போது கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அரளிக்கு எங்களிடம் முறிவு கிடையாது. முதல் நாள் தெளிவாகப் பேசுகிறவருக்கும் இரண்டாம், மூன்றாம் நாளில் துடிப்பு தப்பலாம். ஆகவே நன்றாகத்தானே இருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டி வருவது ஆபத்து. அரளியைத் தெரிந்தே விழுங்கி வருகிறவர்களும் உண்டு. மன உளைச்சலில் இருப்பவர்களோடு பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இரவும் பகலும் இருக்கிறது. அந்த எண்ணை எங்கள் வைத்தியசாலைச் சுவர்களில் எழுதி வைப்பதும் வைத்தியம்தான்.

இவ்வளவு சொன்னபின், செடியையே பிடுங்கி எறியச் சொல்லிவிட்டுப் போவதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2024 மே மாதம் கேரளத்தில் ஓர் இளம் செவிலியரின் மரணத்தில் அரளி மேல் சந்தேகம் விழுந்ததும், திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்தின. வாயில் போகும் பொருளிலிருந்து அரளியை விலக்கிய அந்த முடிவு சரியானது. நம் பக்கத்தில் அரளி பெரும்பாலும் மாலையாகவே போகிறது, துர்க்கைக்கும் முருகனுக்கும் செவ்வரளி சாத்துகிறோம். ஆனால் அர்ச்சனைத் தட்டில் துளசியும் அரளியும் ஒன்றாகத் திரும்பி வருகின்றன. துளசி இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம் நமக்கு உண்டு, குழந்தை எதைக் கிள்ளுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. துளசியைத் தனியே கொடுத்தால் போதும், அரளியைச் சாமியிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை. மானாவாரி பொய்த்த வருடத்திலும் பனமரத்துப்பட்டிக் குடும்பங்களுக்கு அன்றாடம் கையில் காசு பார்க்கவைக்கிற பயிர் இது. பறிக்கிற பெண்கள் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்வதும், கவாத்து செய்த கிளையைத் தீவனப் போர் பக்கம் போடாமல் குழியில் புதைப்பதும், பள்ளிக்கூடத்து வேலியிலிருந்து மட்டும் அரளியை எடுத்துவிடுவதும் போதும். அச்சத்தால் வயலை அழிக்கச் சொல்கிறவர்கள் வேரை விழுங்கச் சொல்கிறவர்களைப் போலவே ஆதாரத்தைப் பார்க்கவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் பாதி வழி வந்து நிற்கிறது. மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளின் அட்டவணை இ(1) சித்த மருத்துவத்தின் நச்சுச் சரக்குகளை வரிசைப்படுத்துகிறது. அதில் அபினிக்கும் எட்டிக்கும் நேர்வாளத்துக்கும் பக்கத்தில் அலரி என்ற பேரில் அரளியும் இருக்கிறது. அந்தச் சரக்கு சேர்ந்த உள் மருந்தின் மேல் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது விதி. அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடச் சொல்கிறது. ராசிபுரத்திலும் சேந்தமங்கலத்திலும் அந்தக் குப்பியை வாங்குகிற பாட்டிக்கு இரண்டும் உதவாது. புறப்பூச்சுத் தைலத்துக்கோ இந்த எச்சரிக்கை கட்டாயமே இல்லை. புண்ணில் பூசிவிடுகிறவரைத் தடுக்கக் குப்பியில் ஒரு வார்த்தையும் இருக்காது. அரளி சேர்ந்த எந்த மருந்தானாலும், வெளிப்பூச்சு உட்பட, தமிழில் எச்சரிக்கை வேண்டும். எந்த நிற அரளி, எந்தப் பாகம், எவ்வளவு எடை சேர்ந்தது என்றும் வேண்டும். புண்ணில் பூசாதே, உட்கொள்ளாதே என்ற இரண்டு வரியும் வேண்டும். மருந்து செய்யும் நிறுவனங்கள் விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த லேபிளிலேயே இதைச் செய்யலாம்.